மூட்டத்தில் இறங்கும் பேருந்து

ஐப்பசி மழை விட்டு மூன்று நாளாகியும் வத்தல்மலையில் மூட்டம் கலையவில்லை. காலை ஏழரை மணி ஆகியும் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஜோசப் ராஜ் பிக்கப் வண்டியை இரண்டாவது கியரில் மெல்ல இறக்கிக்கொண்டிருந்தான். பின்னால் எட்டு மூட்டை அவரைக்காய். பக்கத்தில் காய்க்குச் சொந்தக்காரி குள்ளம்மாள், முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"மெதுவாவே போங்க தம்பி. சந்தைக்கு லேட்டானாலும் பரவால்ல."

"இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டி நின்னுரும்க்கா."

நான்காவது வளைவில் மழை அடித்து வந்த செம்மண் சாலையில் சேறாகப் படிந்திருந்தது. ஜோசப் அதைப் பார்ப்பதற்குள் முன்சக்கரம் ஏறிவிட்டது. பிரேக்கை மிதித்தான். வண்டி வழுக்கிக்கொண்டே போய்ப் பாறையில் முட்டி, சாலையை அடைத்துக் குறுக்கே நின்றது.

குள்ளம்மாளுக்கு நெற்றி கிழிந்து ரத்தம் வந்தது. ஜோசப்பின் வலது கால், நசுங்கிய தகரத்துக்கும் பிரேக் பெடலுக்கும் நடுவே சிக்கியிருந்தது. அவள் தொட்டு இழுத்தபோது அலறினான். விளக்குகள் செத்துவிட்டன. செல்போனில் டவர் இல்லை.

"மணி என்னக்கா?"

"ஏழு முப்பத்தெட்டு."

சொன்ன பிறகுதான் அவளுக்குப் பகீரென்றது. ஏழரை பஸ் மேலேயிருந்து கிளம்பியிருக்கும். மலையில் பாதிப் பேர் அதில்தான் இறங்குவார்கள். அவள் மகள் கவிப்பிரியாவும் அதில்தான். கல்லூரியில் இன்று பரீட்சை.

"மேல போயி நிறுத்துங்கக்கா. வளைவு திரும்பிட்டா பஸ் டிரைவருக்கு பிரேக் புடிக்க எடமில்ல."

"உங்கள இப்பிடியே வுட்டுட்டா?"

"போங்கக்கா!"

அவள் ஓடினாள். ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. சோறு கொண்டுவந்த தூக்குப்போசி கையில் ஆடிக்கொண்டு வந்தது. அதை எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வளைவைத் தாண்டி நூறடி போயிருப்பாள், எஞ்சின் இரைச்சல் கேட்டது. மேலே கேட்பதா, பக்கத்தில் கேட்பதா, மூட்டத்தில் பிரித்தறிய முடியவில்லை. நடுச்சாலையில் நின்றால் தன்மேலேயே ஏறிவிடும். ஓரத்தில் நின்றால் டிரைவர் கண்ணுக்குத் தெரியாது.

ஓரத்தில் ஒதுங்கி, ஒரு கல்லை எடுத்துத் தூக்குப்போசியில் ஓங்கி ஓங்கி அடித்தாள். "நிறுத்துங்க! நிறுத்துங்க!" குரல் வெடித்தது. சாதம் சிதறியது. மஞ்சளாக ஒரு வெளிச்சம் மூட்டத்துக்குள் பரவி, பெரிதாகி, அவளைக் கடந்தது. டயர்கள் கிறீச்சிட்டன.

பிறகு சத்தமே இல்லை. மோதும் சத்தத்துக்குப் பயந்து அவள் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"யாரும்மா அது? என்ன ஆச்சு?" கீழேயிருந்து டிரைவர் காளியப்பனின் குரல் வந்தது.

அவள் குரல் வந்த பக்கம் இறங்கி ஓடினாள். பஸ்ஸிலிருந்து கவிப்பிரியா குதித்து ஓடிவந்தாள். மகளின் முகம், தோள், கைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்த பிறகுதான் குள்ளம்மாளுக்கு வாய் திறந்தது. "தம்பி கால் மாட்டிக்கிச்சு. வண்டி குறுக்க கெடக்குது. ஓடுங்க!"

பஸ்ஸின் ஜாக்கியைக் கொடுத்துத் தகரத்தை நெம்பி ஜோசப்பை வெளியே எடுக்க அரைமணி நேரமானது. கணுக்கால் முறிந்திருந்தது. பிறகு காளியப்பன் பஸ்ஸிலிருந்து பிக்கப் வரை அடி வைத்து அளந்து பார்த்தார். பஸ்ஸுக்கும் பிக்கப்புக்கும் நடுவே இருபதடிகூட இல்லை.

"டங்கு டங்குன்னு ஏதோ கேட்டுச்சு. ஜன்னல மூடியிருந்தா அதும் கேட்டிருக்காது," என்றார்.

பிக்கப்பை ஓரம் தள்ளிவிட்டு, ஜோசப்பை அதே பஸ்ஸில் கொண்டுபோய்த் தர்மபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு மாதம் காலை ஊன்றக் கூடாது என்றார் டாக்டர். கவிப்பிரியாவுக்கு அன்றைய பரீட்சை போய்விட்டது.

மறுநாளும் மூட்டம். மறுநாளும் பரீட்சை.

"இன்னிக்கி வேணாம்டி," என்றாள் குள்ளம்மாள்.

"தை வரைக்கும் மூட்டம் இருக்கும்மா. அதுவரைக்கும் என்னை வூட்லயே இருக்கச் சொல்றியா?"

குள்ளம்மாள் மகளைப் பஸ் ஏற்றிவிட்டாள். பஸ் மூட்டத்துக்குள் மறைந்தது. ஒவ்வொரு வளைவிலும் காளியப்பன் ஹாரனை நீளமாக அடிப்பது கேட்டது; பிறகு அதுவும் தேய்ந்தது. டவர் கிடைக்கும் மேட்டில் போனைப் பிடித்தபடி அவள் நின்றாள். எட்டு இருபதுக்குப் போன் அடித்தது.

"எறங்கிட்டேம்மா."

அதன் பிறகுதான் குள்ளம்மாள் வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அடுத்த பரீட்சை வெள்ளிக்கிழமை.