மூன்றாவது வரிக்கு முந்தைய மூச்சு

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் டெல்மா இருந்த முதியோர் இல்லத்தில் அந்த இசைத்தட்டைப் போடுவார்கள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு டெல்மா நடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். முதல் பக்கம் முடிந்ததும் எழுந்து போய்த் திருப்பிப் போடுவது என் வேலை. இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு, ஏரிப் பாட்டு. அது தொடங்கினால் எல்லாத் தலைகளும் டெல்மா பக்கம் திரும்பும். அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

அந்தப் பாட்டைப் பாடியவள் அவள் இல்லை. நான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நாற்பது வருடம் சொல்லாமல் வைத்திருந்து என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டேன்.

படம் 1956இல் வந்தது. இன்று அதை யாரும் பார்ப்பதில்லை. பார்த்தால் கொட்டாவி வரும். விஸ்கான்சினில் ஒரு ஆப்பிள் தோட்டம், தோட்டக்காரன் மகள், நகரத்திலிருந்து வந்து பொய் சொல்கிற ஒரு விற்பனையாள். ஆனால் அதன் பாட்டு ரெக்கார்டு மட்டும் சாகவே இல்லை. படமே பார்க்காதவர்கள் வீட்டில்கூட அது இருந்தது. இல்லத்து நர்ஸ் யோலாண்டாவுக்கு முப்பது வயது, பாட்டெல்லாம் மனப்பாடம். அவள் அம்மா இஸ்திரி போடும்போது வேறு எதையும் கேட்க மாட்டாளாம். அதே இல்லத்தில் இருந்த, தச்சு வேலை செய்து ஓய்வு பெற்ற கஸ், விவாகரத்தில் காரை மனைவிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு இந்த ரெக்கார்டுக்காக வக்கீல் வைத்துச் சண்டை போட்டவர்.

காரணம் எனக்குத் தெரியும். வீட்டு வேலைக்கென்றே அளவெடுத்துச் செய்தது போல இருந்தது அது. முதல் பக்கம் முடிவதற்குள் கோப்பைகளும் கரண்டிகளும் கழுவி முடித்துவிடலாம். இரண்டாம் பக்கத்துக்குச் சட்டிகள். முதல் பக்கம் காதலர்கள் பிரிவதோடு முடிகிறது. யாராவது ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து திருப்பிப் போட்டால்தான் அவர்கள் சேர முடியும். தன் கையால் சேர்த்துவைத்த ஜோடியை மனிதர்கள் லேசில் மறப்பதில்லை.

அட்டையில் பச்சைக் கவுன் போட்டு வைக்கோல் வண்டியில் சாய்ந்திருப்பது கிளாடியா வேன். பின்பக்கத்தில் 'பாடியவர்: கிளாடியா வேன்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கிளாடியாவின் கழுத்து அழகு. அதற்குள்ளிருந்து வருவதுதான் சகிக்காது. அதனால் டெல்மாவைக் கூப்பிட்டார்கள். பாட்டை முதலில் டெல்மா பாடிப் பதிவு செய்தாள். படப்பிடிப்பில் அந்தப் பதிவை ஓடவிட்டார்கள், கிளாடியா வாயசைத்தாள். டெல்மாவிடம் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பாடியது நான்தான் என்று ஆயுள் உள்ளவரை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்கிற காகிதம். அந்தத் தொழிலில் இருந்த எல்லோரிடமும் அப்படி ஒன்று இருந்தது.

படத்தை முடித்து பாசடீனாவில் கொஞ்சம் பேருக்குப் போட்டுக் காட்டினார்கள். பேசும்போது சின்னப் பெண்ணாக இருக்கிறாள், பாடும்போது அவளுடைய அம்மா பாடுகிற மாதிரி இருக்கிறது என்று யாரோ எழுதிக் கொடுத்துவிட்டார்கள். டெல்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று காகிதத்தில் இல்லையே. என்னைக் கூப்பிட்டார்கள்.

மூன்று காலைகள். கிளாடியாவின் உதடு ஏற்கெனவே டெல்மாவின் பாட்டுக்கு அசைந்து முடிந்துவிட்டது. அந்த உதட்டுக்குப் பொருந்துகிற மாதிரி நான் பாட வேண்டும். காதில் டெல்மாவின் குரல், எதிரே திரையில் கிளாடியாவின் வாய். டெல்மா எங்கே மூச்சு எடுத்தாளோ அங்கேயே நானும் எடுத்தேன். ஏரிப் பாட்டில் மூன்றாவது வரிக்கு முன்னால் அவள் எடுக்கும் மூச்சு கொஞ்சம் சத்தமானது. அழப்போகிறவள் சமாளித்துக்கொண்டு எடுக்கிற மூச்சு. அதையும் அப்படியே எடுத்தேன். குரல் என்னுடையது, மூச்சு அவளுடையது. நானும் அதே மாதிரிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வருடம் ஒரு கோரஸ் வேலையில் என் பக்கத்தில் வந்து நின்றாள் டெல்மா. சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள். இரண்டே வாரத்தில் கிளென்டேலில் இருந்த அவள் வீட்டுக்குக் காப்பிக்குப் போனேன். அறைக் கதவைச் சாத்திவிட்டு, காகிதத்துக்குத் துரோகம் செய்து, அந்த ரெக்கார்டைப் போட்டாள்.

"என் குரல் எனக்கே வேற மாதிரி கேக்குது. ரெக்கார்டுல எல்லாருக்கும் அப்படித்தானாமே? ஆனா மூச்சு பாரு, எங்கெங்க எடுத்தேனோ அங்கங்க அப்படியே இருக்கு. எப்படிடி இருக்கு?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். காகிதம் பயமுறுத்தியது உண்மைதான், ஆனால் அவளே கிழித்துப் போட்டு வழி காட்டினாளே. நான் கோழை. நல்லாயிருக்கு என்றேன்.

ஒரு தடவை சொன்ன பிறகு அதைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. டெல்மாவுக்கு அதற்குப்பின் பெரிதாக ஒன்றும் அமையவில்லை. கோரஸ், சோப்பு விளம்பரம், கிறிஸ்துமஸ் காலத்தில் கடைத்தெருவில் பாடுவது. கணவன் ஒரு பல் மருத்துவமனைக்காரியோடு போய்விட்டான். பிள்ளையில்லை. எது போனாலும், 'நாட்டுல பாதி வீட்டுல நான் பாத்திரம் கழுவிக்கிட்டிருக்கேன்டி' என்பாள். காகிதத்தையெல்லாம் அவள் எப்போதோ மறந்தாகிவிட்டது. இல்லத்துக்குப் போன முதல் வாரமே எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். அங்கே அவள் சாதாரணக் கிழவி இல்லை.

1996 இலையுதிர் காலத்தில் டேரன் என்று ஒருவன் அவளுக்குப் போன் செய்தான். நாற்பது வயது, தலைக்குப் பின்னால் குதிரைவால். பழைய ரெக்கார்டுகளை சிடியாகப் போடும் கம்பெனிக்காரன். கிளாடியா செத்து ஆறு வருடம் ஆயிற்று, ஸ்டூடியோவும் கை மாறிவிட்டது, இனி உண்மையான பாடகியின் பெயரையே போடலாம் என்றான். டெல்மாவின் நுரையீரலைப் பார்த்த டாக்டர் அதே மாதம்தான் வசந்தம்வரை தாங்கினால் அதிசயம் என்று என்னிடம் சொல்லியிருந்தார். அவளுக்கும் தெரியும். அதற்குள் பெயரை அச்சில் பார்த்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்கு மிச்சமிருந்த ஆசை.

"முழுப் பேரையும் போடச் சொல்லணும்டி. டெல்மா ஜீன் ஹோக்லண்ட். வெறும் டெல்மா ஹோக்லண்டுன்னா, நார்த் டகோட்டாவுல என் அத்தை ஒருத்தி இருந்தா பன்னி வளத்துக்கிட்டு. அவன்னு நெனச்சுக்குவாங்க."

அவள் சிரித்து இருமி ஓய்ந்த பிறகு நான் வெளியே வந்து டேரனுக்குப் போன் செய்தேன்.

பர்பேங்க்கில் ஒரு காப்பிக் கடையில் சந்தித்தோம். என் பெயரைச் சொன்னதுமே எழுந்து நின்றுவிட்டான். ஒலிப்பதிவுத் தாள்களை ஏற்கெனவே பார்த்திருந்தான். 'வின்னிஃபிரட் ப்ரூயிட், நீங்கதானே அது?' என்று என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நாற்பது வருடமாக ஒருவரும் கேட்காத கேள்வி. கேட்டபோது எனக்குள்ளே ஏதோ ஒன்று நாயைப் போல வாலாட்டியதை மறைப்பானேன். என்னை நானே வெறுத்துக்கொண்டுதான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

டெல்மா பெயரைப் போடச் சொன்னேன். அது பொய்யாகிவிடும் என்றான். தாளில் பெயரை மாற்றி எழுதிவிட்டார்கள், பாடியது அவள்தான் என்று புளுகிப் பார்த்தேன். டேப்பும் தன்னிடம் இருக்கிறது என்றான். ஒவ்வொரு தடவையும் பாடுவதற்கு முன் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்களாம். அவள் சாகக் கிடக்கிறாள் என்றேன். அவன் கெட்டவன் இல்லை; முகம் வாடிவிட்டது. அவள் பெயரையும் எப்படியாவது கொண்டுவருவதாகவும், டேப்பைப் பற்றி அவளிடம் தானாகப் பேச மாட்டேன் என்றும் வாக்குக் கொடுத்தான்.

அவன் பேசவில்லை. டெல்மாதான் பேசினாள். பழைய டேப் ஏதாவது இருந்தால் எடுத்துக்கொண்டு வா, கண்ணை மூடுவதற்கு முன் ஒரு தடவை கேட்டுவிடுகிறேன் என்று அவளே போன் போட்டுக் கெஞ்சியிருக்கிறாள். சாகிறவள் கேட்டால் யார் மறுப்பார்கள்? நவம்பரில் ஒரு செவ்வாய், வழக்கம்போல எலுமிச்சைக் கேக்கோடு நான் போனபோது, வெயில் விழும் கூடத்தில் அவன் ஒரு சின்ன டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு, மாட்டிக்கொண்ட முகத்தோடு உட்கார்ந்திருந்தான். டெல்மா உதட்டுக்குச் சாயம் போட்டிருந்தாள்.

இப்போது வேண்டாம், களைத்துப் போவாய் என்றேன். நாற்பது வருடமாகக் களைத்துத்தான் இருக்கிறேன், நீ உட்கார் என்றாள். அவளே பொத்தானை அமுக்கினாள்.

இரைச்சல். ஒரு ஆண் குரல்: "ஏரிப் பாட்டு, மிஸ் ப்ரூயிட், டேக் பதினொண்ணு."

டெல்மாவின் புருவம் லேசாகச் சுருங்கியது. பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டான் என்று அவள் நினைத்திருக்கலாம். அந்த நினைப்பிலேயே அவளை விட்டிருக்கலாம் அந்த டேப். ஆனால் அடுத்து ஒரு இளம்பெண் தொண்டையைச் செருமினாள். அது நான். நான் மறந்தே போயிருந்த நான்.

"கொஞ்சம் இருங்க சார். டெல்மா பாடினத என் காதுல இன்னும் சத்தமா வைங்க. மூணாவது வரிக்கு முன்னால அவங்க மூச்சு எடுக்கறது சரியா கேக்கல."

பிறகு பாட்டு. மூன்றேகால் நிமிடம். டெல்மா அசையவில்லை. டேரன் தரையைப் பார்த்தான். பாட்டு முடிந்ததும் டெல்மா கடைக்காரனிடம் விசாரிப்பது போல மரியாதையாகக் கேட்டாள்.

"என்னோடது எங்க இருக்கு?"

"அது இல்ல மேடம். அந்தக் காலத்துல வேலை முடிஞ்சதும் அழிச்சுட்டு அதே டேப்புல வேற பதிவு பண்ணிடுவாங்க. உங்களோடதுல... ஒரு கௌபாய் படத்துக்குக் குதிரைச் சத்தம் இருக்கு."

"எத்தன குதிரை?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு, "நிறைய" என்றான்.

அவனை அனுப்பிவிட்டாள். கேக் பெட்டி என் மடியிலேயே இருந்தது.

"வாராவாரம் எழுந்து போயி திருப்பிப் போட்டியேடி" என்றாள். "உள்ளுக்குள்ள சிரிச்சுக்குவியா?"

"இல்லடி. ஒரு நாளும் இல்ல" என்றேன். "அதுல இருக்கற மூச்செல்லாம் உன்னோடது, டெல்மா. ஒண்ணு விடாம உன்னோடது."

"மூச்சுக்கு யாருடி பேர் போடுவா?"

அடுத்த ஞாயிறு அவள் தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். யோலாண்டா ரெக்கார்டைப் போட்டாள். முதல் பக்கம் முடிந்து காதலர்கள் பிரிந்தார்கள். நான் எழுந்தேன்.

"வேணாம். உக்காரு."

ஊசி கடைசி வளையத்தில் சரக்சரக்கென்று சுற்றிக்கொண்டிருந்தது. என்ன ஆச்சு, திருப்பிப் போடுங்கம்மா என்று கஸ் குரல் கொடுத்தார். டெல்மா எல்லோரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, "இதுல எந்தப் பக்கத்துலயும் நான் இல்ல" என்றாள். யோலாண்டா சிரித்தாள், ஏதோ வேடிக்கை என்று நினைத்து. மற்றவர்கள் சிரிக்கவில்லை. அவரவர் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு அவள் கூடத்துக்கு வரவே இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் என்னை உள்ளே விட்டாள். மழையைப் பற்றிப் பேசினாள், மருந்தைப் பற்றிப் பேசினாள். ஒரு தடவைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிப்ரவரியில் செத்துப்போனாள்.

ஏப்ரலில் சிடி வந்தது. டேரன் வாக்குத் தவறாதவன். உள்ளே இருந்த சின்னப் புத்தகத்தின் ஏழாம் பக்கத்தில் என் பெயர், ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல். அதற்குக் கீழே பொடி எழுத்தில், 'முதலில் பாடிய டெல்மா ஜீன் ஹோக்லண்டின் பதிவு கிடைக்கவில்லை.' நடுவில் ஜீனோடு, முழுப் பெயர். அத்தை என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

கூட ஒரு கடிதமும் வைத்திருந்தான். பழைய டேப்பில் இருந்த கரகரப்பு, இரைச்சல், மூச்சுச் சத்தம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டுச் சுத்தமாக எடுத்துவிட்டார்களாம். இப்போது என் குரல் மட்டும் கண்ணாடி மாதிரி கேட்குமாம்.

பாத்திரத்தைத் தொட்டியில் போட்டுவிட்டு சிடியை ஓடவிட்டேன். சிடியில் பக்கம் கிடையாது. காதலர்கள் பிரிந்தார்கள். நான் கையைத் துடைப்பதற்குள் ஏரிப் பாட்டு தானாகவே தொடங்கிவிட்டது. முதல் வரி, இரண்டாம் வரி. தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுக் காதை வைத்துக் கேட்டேன். இரண்டாம் வரி முடிந்தது. மூன்றாம் வரி வந்துவிட்டது.

மறுபடி ஆரம்பத்திலிருந்து வைத்தேன். அதன் பிறகும் ஒரு தடவை. முழுப் பாட்டையும் யாரோ ஒருத்தி மூச்சே விடாமல் பாடிக்கொண்டிருந்தாள்.