ஆள் நடமாட்டமே இல்லாத இடம்

அந்தத் தெருவில் யாருக்கு என்ன குறை வந்தாலும் முதலில் டைப் அக்காவிடம்தான் ஓடுவார்கள். தெருவிளக்கு எரியவில்லையா, சாக்கடை பொங்குகிறதா, பக்கத்து வீட்டுக்காரர் அரையடி தள்ளிச் சுவர் எழுப்பிவிட்டாரா, எல்லாவற்றுக்கும் மனு. கடை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், வருகிறவர் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி; அதற்கும் ஒரு கால் ஆட்டம். ஆனால் மனு எழுதுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தண்ணீர் சரியாக வருவதில்லை என்று சொல்லிக்கொண்டு வருகிறவருக்கு, ‘குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இன்றித் தவித்து வருகிறோம்’ என்று அடித்துக் கொடுப்பாள்.

"மனுன்னா அழுத்தமா இருக்கணும் சார். உள்ளதை உள்ளபடி எழுதினா எவன் திரும்பிப் பாப்பான்?" என்பாள்.

அழுத்தமாக எழுதியும் எவனும் திரும்பிப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். பதினோரு வருஷத்தில் அவள் அடித்த மனுக்கள் அத்தனையும் கிணற்றில் போட்ட கல்தான். ஆனாலும் ஒவ்வொன்றின் அடியிலும் பொடி எழுத்தில் கடைப் பெயரையும் போன் நம்பரையும் போட அவள் மறந்ததில்லை. காசு செலவில்லாத விளம்பரம் ஆயிற்றே.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. ஊர்க்குப்பை முழுவதையும் கொண்டுவந்து கொட்டி, மக்குவது மக்காதது என்று பிரிக்கிற கூடம் ஒன்றை, தெருக்கோடியில் இருக்கும் காலிமனையில் நகராட்சி ஆபீஸ்காரர்கள் கட்டப் போகிறார்களாம். அவள் கடையிலிருந்து எண்ணி நாற்பதே தப்படி. தெருவே கொதித்துப் போனது. குடியிருப்போர் சங்கத் தலைவர் மறுநாள் காலையிலேயே கையெழுத்துப் பிரதியோடு கடைக்கு வந்துவிட்டார். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருநாய் குரைத்தால்கூடத் தீர்மானம் போடலாமா என்று கேட்பவர் என்பதால் அவருக்குத் தெருவில் பெயரே ‘தீர்மானம்’தான்.

"எங்க தெரு வேண்டாம்னு மட்டும் சொன்னா, அப்ப எங்கதான் கொண்டு போறதுன்னு கேப்பாங்க. மாத்து இடம் நாமே காட்டிடணும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மேட்டு நிலம் கிடக்குதே, அதைப் போட்டிருக்கேன்" என்றார்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்தான் அவள் தங்கச்சி வீடு. தங்கச்சி புருஷன் வெல்டிங் பட்டறையில் வேலை செய்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய இடம். இரண்டு அறை, தகரக் கூரை, வாசலில் ஒரு முருங்கை. ஜன்னல் இரண்டும் மூன்றடிக்கு நாலடி. திரைச்சீலைக்கு அளவெடுத்துக் கொடுத்ததே இவள்தான்.

"அங்க ஏழு வீடு இருக்கு சார்" என்றாள்.

"கதவு நம்பர் இருக்கா?"

"இன்னும் குடுக்கல."

"அப்புறம் என்ன? வரி ரசீது இல்லாத வீடு ஆபீஸைப் பொறுத்தவரைக்கும் வீடே இல்லம்மா. நான் ஒண்ணும் பொய் எழுதல. பாருங்க, ‘குடியிருப்புகள் அதிகம் இல்லாத இடம்’னுதான் போட்டிருக்கேன்."

அவள் அடிக்க ஆரம்பித்தாள். அந்த வரி வந்ததும் விரல் நின்றது. தங்கச்சியை நினைத்துத்தான் நின்றது என்று சொல்ல ஆசைதான். பொய் சொல்வானேன்? தங்கச்சி நினைப்பு வந்தது ஒரு நொடி. அடுத்த நொடி அந்த வரி சப்பென்று இருப்பதுதான் உறுத்தியது. அதிகம் இல்லை என்றால் கொஞ்சம் இருக்கிறது என்று ஆகிவிடுகிறதே! கடை வாசலில் குப்பை லாரி வரிசை கட்டி நிற்பதும், மூக்கைப் பொத்திக்கொண்டு ஜெராக்ஸ் எடுக்க எவனும் வராமல் போவதும் கண்முன்னால் வந்தன. அந்த வரியை அழித்துவிட்டு ‘ஆள் நடமாட்டமே இல்லாத இடம்’ என்று அடித்தாள். எவன் படிக்கப் போகிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தீர்மானம் படித்துப் பார்த்துவிட்டுத் தொடையில் தட்டினார். "இதுக்குத்தாம்மா உங்ககிட்ட வர்றது!"

இருநூற்று முப்பது கையெழுத்து. முதல் கையெழுத்து அவளுடையது.

பத்து நாள் கழித்துத் தங்கச்சி கடைக்கு வந்தாள். கூடவே அவள் மகள். ஏழு வயசு, பிறந்ததிலிருந்து மூச்சிழுப்பு. பிள்ளை வந்ததும் வராததுமாக ஆடுகிற நாற்காலியில் ஏறி உட்கார்ந்து ஆட ஆரம்பித்தது.

"அக்கா, குப்பைக் கூடத்தை எங்க பக்கம் தள்ளிவிடப் பாக்குறாங்களாமே. இந்தப் பிள்ளைக்கு எப்படிக்கா தாங்கும்? நீ ஒரு மனு அடிச்சுக் குடேன். ஏழு வீட்டுக் கையெழுத்தையும் நான் வாங்கிடுறேன்."

டைப் அக்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். எதிர்மனு போனால் ஆபீஸில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். இரண்டின் அடியிலும் ஒரே கடைப் பெயர்.

"அட, அதெல்லாம் வராதுடி. எவனோ கிளப்பி விட்டிருக்கான். நான் அடிச்ச மனு எதை அவங்க படிச்சிருக்காங்க? போய் வேலையைப் பாரு."

"நிஜமாவா?"

"நான் சொல்றேன்ல?"

அக்கா சொன்னால் தங்கச்சிக்கு அதற்கு மேல் பேச்சில்லை. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். பிள்ளையை இறக்கிக் கூட்டிக்கொண்டு போனாள்.

பதினோரு வருஷமாக ஒரு மனுவையும் படிக்காத ஆபீஸ், இந்த ஒன்றை வரி விடாமல் படித்தது.

சமுதாயக் கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். என்ஜினியர் சுவரில் வரைபடத்தை ஒட்டிவிட்டு, மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, மனுவை எடுத்தார். "வாய்க்காலுக்கு அப்பால் உள்ள இடம் ஆள் நடமாட்டமே இல்லாத இடம்னு இருநூத்தி முப்பது பேரு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அந்த இடத்தையே முடிவு பண்ணிடலாமா?"

முன்வரிசை கைதட்டியது. பின்னாலிருந்து ஒரு குரல், "இல்ல சார்! அங்க நாங்க இருக்கோம். ஏழு வீடு." தங்கச்சிதான். பிள்ளை அவள் இடுப்பை ஒட்டி நின்றது.

"கதவு நம்பர் சொல்லுங்கம்மா."

"அது... இன்னும் வரல சார்."

"எழுத்து மூலமா ஆட்சேபணை குடுத்தீங்களா?"

"குடுக்கல சார். வராதுன்னு சொன்னாங்க." அப்போதுதான் முன்வரிசையில் அக்கா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது அவளுக்கு. "அக்கா! நீ சொல்லுக்கா. நீ எங்க வீட்டுக்கு வந்திருக்கியே. நாங்க அங்க இருக்கோம்னு நீ சொல்லு, போதும்."

கூடமே திரும்பிப் பார்த்தது. தீர்மானமும் பார்த்தார். எழுந்து நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆமாம் சார், இருக்காங்க. அவ்வளவுதான். டைப் அக்கா மடியிலிருந்த பையின் வாரைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். நாசமாய்ப் போன நாக்கு, பதினோரு வருஷமாக ஊருக்கெல்லாம் பேசிய நாக்கு, மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"இந்தாங்கம்மா, நீங்களே படிச்சுப் பாருங்க" என்று மனுவின் நகல் ஒன்றைத் தங்கச்சியிடம் கொடுத்தனுப்பினார் என்ஜினியர்.

தங்கச்சி மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள். அடியில் வந்து நின்றாள். பொடி எழுத்துத்தான், ஆனால் அவளுக்குக் கண் நல்ல கண். சத்தம் போடவில்லை, சாபம் விடவில்லை. காகிதத்தை நாலாக மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுப் பிள்ளையோடு வெளியே போனாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று அக்கா பிறகு எத்தனையோ நாள் நினைத்ததுண்டு.

ஐந்து மாதத்தில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குப்பைக் கூடம் எழும்பியது. காலை ஏழு மணிக்குக் குப்பை வண்டி தெருவுக்கு வரும். டைப் அக்கா பால் கவரைக்கூட இரண்டு தண்ணீரில் அலசி, காயவைத்துப் போடுவாள். "குப்பையைக் கழுவுற ஒரே ஆள் நீங்கதான்" என்று எதிர்வீட்டுக்காரி கிண்டல் செய்வாள். டைப் அக்கா அடுத்த கவரை அலச எடுப்பாள். இரண்டு முறை வாய்க்காலைத் தாண்டிப் போய்ப் பார்த்தாள். முருங்கை மரம் வரை போய்விட்டு, எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கதவைத் தட்டுவது என்று திரும்பிவிட்டாள். திறந்த ஜன்னலில் திரைச்சீலை மேல் ஈ அப்பிக் கிடந்ததை மட்டும் பார்த்தாள்.

மறுநாளே கடைத்தெருவுக்குப் போய் ஈ புகாத நைலான் வலை வாங்கினாள். மூன்றடிக்கு நாலடி, இரண்டு. ஓரம் மடித்துத் தைத்து, காகிதத்தில் சுற்றி, வண்டி ஓட்டுநரிடம் கொடுத்தாள்.

"தம்பி, கூடத்துக்குப் பின்னால முருங்கை மரம் நிக்கிற வீடு. அங்க குடுத்திடுப்பா."

மறுநாள் காலை வண்டி வந்தது. ஓட்டுநர் இறங்கி வந்து, பிரிக்காத பொட்டலத்தை அவள் கையில் வைத்தான்.

"வாங்கலியா?"

அவன் தலையைச் சொறிந்தான். "நீங்க குடுத்ததுன்னு சொன்னேன். ‘இது ஆள் நடமாட்டமே இல்லாத இடம், வீடு மாத்தி வந்துட்டீங்க’ன்னு சொன்னாங்கக்கா. வாசப்படியில பிள்ளையை மடியில வெச்சு நெஞ்சை நீவிக்கிட்டேதான் சொன்னாங்க."