காற்றா, மருந்தா

சோதிக்கும் பெண்ணிடம் பழைய கதை எதையும் சொல்லக் கூடாது என்பது அந்த மருந்து ஆய்வில் விதி. எந்தக் குழந்தைக்கு மருந்து போனது, எதற்கு வெறும் காற்று என்று தெரிந்தால் மதிப்பெண் போடும் கை சாய்ந்துவிடும். அது பெற்ற தாய் கிளெனிஸுக்குமே தெரியாது.

ஆனால் அவளாக ஒரு முடிவு கட்டியிருந்தாள். இருபத்தாறாம் வாரத்தில் பிறந்த இரட்டையர். ஒட்டிக் கிடக்கும் நுரையீரலை விரிக்க, பால்போன்ற ஒரு புது மருந்தைக் குழாய் வழியே விட்டுப் பார்த்தார்கள். குலுக்கலில் பாதிக் குழந்தைகளுக்கு மருந்து, மீதிக்கு வெறும் காற்று. சம்மதக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். டாம்சின் பிழைத்தாள், ரோவன் மூன்றாம் நாள் போய்விட்டான். அப்படியானால் காற்று அவனுக்குத்தான். தன் கையெழுத்துதான் அவனைக் கொன்றது. டாம்சின் பிறந்தநாள் மெழுகுவர்த்தி ஊதும்போதெல்லாம், தட்டு எடுக்கிற சாக்கில் கிளெனிஸ் சமையலறைக்குள் போய்விடுவாள்.

இன்று ஹோபார்ட் நகர மருத்துவமனையில், அன்று பிழைத்த குழந்தைகளுக்கு ஏழாம் வயதுச் சோதனை. முடிந்ததும், யாருக்கு எது போனது என்று எழுதிய உறையைக் கேட்கிற பெற்றோருக்குக் கொடுப்பார்கள்.

"வயசு என்ன ராஜாத்தி?" என்றாள் சோதிக்கும் மொய்ரா.

"ஏழு. ஆனா பதினாலு வாரம் முந்திப் பொறந்தேன். கழிச்சுக்கணுமா?"

"ரெண்டு வயசோட கழிக்கிறத நிறுத்திட்டோமே!"

"எங்கம்மா இன்னும் கழிக்கிறாங்க. ஷூ வாங்கும்போதுகூட."

கிளெனிஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

டாம்சின் கட்டைகளை அடுக்கினாள். ஒற்றைக் காலில் நின்று தள்ளாடினாள். கடைசியாக, மூச்சின் பலத்தை அளக்க ஊதும் குழாய். திரையில் ஆறு மெழுகுவர்த்திகள். இந்த அறையில் ஓடி ஒளியச் சமையலறை இல்லை.

"ஊது, ஊது, விடாதே, இன்னும் இருக்கு!"

மூன்று முறை ஊதினாள். மூன்று முறையும் மூன்றே அணைந்தன.

"பொறந்தநாளுக்கும் எப்பவும் மூணுதான்," என்றாள் டாம்சின். "மீதிய அம்மாவுக்குன்னு விட்டுவைப்பேன். வரவே மாட்டாங்க. அப்பா ஊதிடுவாரு."

வரவேற்பறையில் உறையை வாங்கி, நின்றபடியே பிரித்தாள் கிளெனிஸ். ரோவன்: மருந்து. டாம்சின்: காற்று. இரண்டு முறை படித்தாள்.

"என்னம்மா போட்டிருக்கு?"

"உனக்கு வெறும் காத்துதான் குடுத்தாங்களாம்."

"அவ்வளவுதானா? ரோவனுக்கு?"

"அவனுக்கு... மருந்து." தாளை மடித்து உறைக்குள் வைத்தாள். "அவனுக்குக் குடுத்திருக்காங்க கண்ணு."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து சோதனை அறைக் கதவைத் தட்டினாள்.

"இவ இன்னொரு தடவ ஊதட்டுமா?"

"மூணு தடவைதாங்க எழுதுவோம்," என்றாள் மொய்ரா.

"எழுத வேண்டாம். நான் பாக்கணும்."

நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.