கை ஓங்கிப் பார்க்கிறவர்

மார்க்கையன்கோட்டையில் பெண்ணைப் பெற்றவர்கள் ஜோசியரிடம் போவதற்கு முன்னால் கோட்டைச்சாமியிடம் போவார்கள். ஜாதகம் பார்க்க ஊருக்கு ஒரு ஆள் உண்டு. மாப்பிள்ளை வீட்டு மாட்டைப் பார்த்து மாப்பிள்ளையின் குணத்தைச் சொல்ல இந்தப் பக்கத்தில் இவர் ஒருத்தர்தான். அவரும் பிகு பண்ணாமல் வெள்ளை வேட்டியை உடுத்திக்கொண்டு கிளம்பிவிடுவார்.

முன்கூட்டித் தகவல் சொல்லக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. திடுதிப்பென்று போய் இறங்கி, வாங்க என்று சொன்னவர்களைக்கூடக் கவனிக்காமல் நேரே தொழுவத்துக்குப் போவார். மாட்டின் முகத்துக்குப் பக்கத்தில் சும்மா நிற்பதுபோல நின்று, சடாரென்று வலது கையை ஓங்குவார். மாடு தலையைப் பின்னுக்கு இழுத்துக் கண்ணை மூடினால் அந்த வீட்டில் அடி உண்டு. அப்படியே நின்றால் பையன் தங்கம். மாட்டை அடிக்காத கை மனைவியையும் அடிக்காது என்பது அவர் கண்டுபிடிப்பு. மனுஷன் பொய் சொல்லுவான், மாட்டுக்கு அதெல்லாம் வராது என்பார்.

இதோடு விட்டாலும் பரவாயில்லை. யாருக்கு எந்தப் பிராணி மேல் ஆசையோ அதை வைத்தே ஆளை எடை போட்டுவிடுவார். புறா வளர்க்கிறவன் கண் அடுத்த வீட்டு மொட்டைமாடியில் இருக்கும். சண்டைச் சேவல் வைத்திருப்பவன் கூடப்பிறந்தவனோடு கோர்ட்டுக்குப் போவான். நாய்ப் பிரியனுக்குத் தன் காலடியில் எப்போதும் ஒருத்தர் கிடக்கவேண்டும். பூனைக்குச் சோறு வைக்கிற பெண் புருஷன் வீட்டில் தங்கமாட்டாள். காளை மேல் உயிரை வைத்திருப்பவன் மட்டும்தான் அவர் கணக்கில் மனுஷன். கேட்கிறவர்கள் சிரித்துக்கொண்டே தங்கள் பங்காளி என்ன வளர்க்கிறான் என்று யோசித்துப் பார்ப்பார்கள். கோட்டைச்சாமி வீட்டில் ஒரு கோழிகூடக் கிடையாது என்பதை யாரும் யோசிக்கவில்லை. அவர் மனைவி கஸ்தூரியம்மாள் ஒரு வெள்ளாட்டுக்குட்டி வாங்கித் தரச் சொல்லிக் கேட்டபோது, நாத்தம் பிடித்த வேலை என்று மறுத்துவிட்டார்.

ஒரு தடவை அவர் வேண்டாம் என்று தட்டிக் கழித்த மாப்பிள்ளை, வேறு ஊரில் பெண் எடுத்து, அவளை அடித்து, விஷயம் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போய் நாறியது. குருட்டாம்போக்கில் பலித்த அந்த ஒன்றுதான் அவரை உயரத்தில் ஏற்றி உட்காரவைத்தது. அதற்குப் பிறகு அவர் சொன்னதற்கு ஊரில் மறுபேச்சு இல்லை, அவருக்குள்ளும் இல்லை.

அவருக்கு ஒரே மகள் தேவயானி. இரண்டாயிரத்து மூன்றாம் வருடம் அவளுக்கு வரன் பார்க்கத் தொடங்கினார்கள். உத்தமபாளையத்தில் மினிலாரி வைத்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்த அருண்பாண்டி வீட்டிலிருந்து முறையாகக் கேட்டு வந்தார்கள். சொந்தம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. தேவயானிக்கும் அவன்மேல் விருப்பம் இருந்தது. அதை அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். கஸ்தூரியம்மாள் அதைப் பக்குவமாகக் கோட்டைச்சாமி காதில் போட்டுவைத்தாள்.

அவர் போனார். அங்கே மாடு இல்லை. வாசலில் ஒரு செவலை நாய் படுத்திருந்தது. ஒரு காது பாதிதான் இருந்தது. அருண்பாண்டி அதற்குத் தன் தட்டிலிருந்தே இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். கோட்டைச்சாமிக்கு அப்போதே முகம் சுளித்தது. பக்கத்தில் போய்க் கையை ஓங்கினார். நாய் ஊளையிட்டுக்கொண்டு, இருந்த இடத்திலேயே மூத்திரம் விட்டு, கட்டிலுக்கடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. அருண்பாண்டி என்னவோ சொல்ல வாயெடுத்தான். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார்.

வீட்டில் தேவயானியும் எதையோ சொல்ல வந்தாள். வாயை மூடு என்றார். அவள் மூடவில்லை.

"நாய்கிட்டக் கேட்டீக. என்கிட்டக் கேக்கலையேப்பா."

"ஒனக்கு என்னத்தா தெரியும்? நாயி பொய் சொல்லாது."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவள் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பட்டினி கிடந்து அப்பனைப் பணியவைக்கிற அளவுக்கு அந்த வீட்டில் பெண்பிள்ளைக்குச் செல்வாக்கு இல்லாததால் எட்டாம் நாள் சாப்பிட்டாள்.

அடுத்து வந்தது கூடலூர் பாண்டீஸ்வரன். மாட்டுவண்டிப் பந்தயத்தில் பேர் வாங்கியவன். அவனுடைய மயிலைக் காளைக்குப் பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் பச்சை முட்டையும் போட்டு வளர்த்தான். மழைக்காலத்தில் தொழுவத்தில் கொசுவத்தி கொளுத்தி வைத்தான். காளைக்குக் குளம்பில் முள் குத்தியபோது சோறு இறங்காமல் கிடந்தவன் என்று தெருவே சொன்னது. கோட்டைச்சாமி தொழுவத்தில் நின்று கையை ஓங்கினார். காளை அவர் கையை முகர்ந்து பார்த்து, சொரசொரவென்று நக்கியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரத்தில் பாண்டீஸ்வரன் உள்ளே வந்தான். தவிட்டு வாளியோடு நின்றிருந்த அவன் தாய் மூக்கம்மாள், மகனைக் கண்டதும் சுவரோரமாக ஒதுங்கி, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றாள். கோட்டைச்சாமி அதைப் பார்க்கத்தான் செய்தார். இந்தக் காலத்தில் பிள்ளைக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற தாயா என்று வியந்துகொண்டார். அவர் சோதிக்க வந்தது மாட்டை. மூக்கம்மாள் மாடு இல்லையே.

கல்யாணம் தடபுடலாக நடந்தது. மயிலைக் காளையின் கொம்புக்கும் பட்டுத் துண்டு கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை பார்ப்பது என்றால் இப்படிப் பார்க்கவேண்டும் என்று பந்தியில் பேசிக்கொண்டார்கள். கோட்டைச்சாமி காதில் வாங்காத மாதிரி ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டார்.

தலை தீபாவளிக்கு இருவரும் வந்து போனார்கள். அதற்கப்புறம் அவள் வருவது குறைந்தது. பந்தயம் இருக்கிறது, மாடு தனியாகக் கிடக்கும், அத்தைக்கு முடியவில்லை என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் வந்தது. கஸ்தூரியம்மாளுக்கு உள்ளுக்குள் எதுவோ அறுத்துக்கொண்டே இருந்தது. இரண்டு வருடம் கழித்து, வீரபாண்டித் திருவிழாவுக்குத் தேவயானி ஒற்றையாக வந்து இறங்கினாள். ஆள் பாதியாகியிருந்தாள். கேட்டதற்கு வெயில் என்றாள்.

மறுநாள் மத்தியானம் அவள் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கோட்டைச்சாமி கைகழுவிவிட்டு வந்தார். துண்டு அவள் தலைக்கு மேலே கொடியில் கிடந்தது. எடுக்கக் கையை உயர்த்தினார். தட்டு தெறித்து விழுந்தது. தேவயானி தலையைப் பின்னுக்கு இழுத்து, கண்ணை இறுக மூடி, இடது கையால் முகத்தை மறைத்துக்கொண்டு சுவரில் ஒட்டிக் கிடந்தாள்.

பிறகு அவள் கண்ணைத் திறந்து, ஈ பறந்தது என்று சொல்லி, சிந்திய சோற்றைப் பொறுக்க ஆரம்பித்தாள். அடுப்படி வாசலில் கஸ்தூரியம்மாள் நின்றிருந்தாள்.

அந்த அசைவுக்கு என்ன அர்த்தம் என்று இந்தப் பள்ளத்தாக்கிலேயே நன்றாகத் தெரிந்தவர் கோட்டைச்சாமிதான். பெற்ற வயிறு எரியும் என்பார்களே, அது அவருக்கும் எரிந்தது, இல்லையென்று சொன்னால் பாவம். ஆனால் துண்டை எடுத்துக் கையைத் துடைத்து முடிப்பதற்குள் அவருக்கு வேறொரு நினைப்பு வந்துவிட்டது. மகள் வாழாவெட்டியாக வந்து உட்கார்ந்தால், பார்த்துக் கொடுத்தது யார் என்று ஊர் கேட்கும். எந்த மாட்டைப் பார்த்துக் கொடுத்தாய் என்று கேட்கும். அடுத்த வாரம் கெங்குவார்பட்டிக்கு வரச் சொல்லி உள்ளூர் அம்மாவாசி வேறு ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார். அவர் மகள் மாரீஸ்வரிக்கு அங்கே ஒரு வரன் வந்திருந்தது. இவர் வந்து மாட்டைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், தட்டு மாற்றிவிடுவார்கள்.

மகள் புழக்கடைக்குப் போனதும் கஸ்தூரியம்மாள் வந்து அவர் முன்னால் நின்றாள்.

"பாத்தீகளா?"

"என்னத்த?"

"அவ இனி அங்க போகவேணாம். இங்கனயே கெடக்கட்டும்."

அவர் வழக்கமான எல்லாவற்றையும் சொன்னார். சின்னஞ்சிறிசுகள் என்றால் முன்னே பின்னே இருக்கும் என்றார். நாம் இடம் கொடுத்தால் கெட்டுப்போகும் என்றார். ஒரு பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். மாப்பிள்ளை அந்தக் காளையை எப்படி வைத்திருக்கிறார் தெரியுமா என்று வெட்கமில்லாமல் அதையும் சொன்னார். கஸ்தூரியம்மாள் முழுவதையும் கேட்டாள்.

"இந்த வீட்டுல ஒரு சீவன் கெடையாது. ஒங்கள எத வச்சுப் பாக்குறதுனு தெரியாமத்தான் எங்கப்பா என்னயக் குடுத்துட்டாக," என்றாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் அவரே மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். தேவயானி முரண்டு பிடிக்கவில்லை. சின்னமனூரில் வண்டி மாறி உட்கார்ந்தார்கள். உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றபோது அவள் ஜன்னல் வழியாக வாழைத்தார் ஏற்றி நின்ற ஒரு மினிலாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது யாருடையதோ. வண்டி கிளம்பியதும் பேச ஆரம்பித்தாள்.

"அந்த நாயி ஆண்டிபட்டிக் கணவாயில கெடந்துச்சாம். எவனோ அடிச்சு, காத அறுத்துப் போட்டிருக்கான். அவரு லாரியில தூக்கிப்போட்டு வந்து, மருந்து வச்சுப் பொழைக்கவச்சாரு. அவரத் தவிர யாரு கை தூக்குனாலும் அது ஒண்ணுக்கிருந்துரும்."

"இத எதுக்கு இப்பச் சொல்ற?" என்று கேட்டார் கோட்டைச்சாமி.

"அன்னைக்குச் சொல்ல விடலையே நீங்க. இப்ப பஸ்ஸ விட்டு எந்திரிச்சுப் போகமுடியாதுல்ல."

கம்பம் தாண்டுகிற வரைக்கும் அவர் திராட்சைப் பந்தலைப் பார்த்துக்கொண்டு வந்தார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்வண்டி ஏறி, மகளைத் திருப்பிக் கூட்டிப்போயிருக்கலாம். அந்த எண்ணம் அவருக்கு வந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் வந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்டக்டர் விசில் ஊதும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

கூடலூரில் மருமகன் ஓடிவந்து பையை வாங்கினான். மாமாவுக்குக் குடிக்கக் கலர் வாங்கி வரச் சொல்லி ஆள் அனுப்பினான். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. தொழுவத்தில் மயிலையைக் காணோம், ஒரு செவலைக் கன்று நின்றது. கோட்டைச்சாமி காளையை விசாரித்தார்.

"தையில நடந்த பந்தயத்துல சறுக்கிருச்சு மாமா. அப்பறம் காலத் தாங்கித் தாங்கி நடந்துச்சு. கேரளாவுக்கு அடிமாடு ஏத்துற லாரி குமுளிக்குப் போச்சு, ஏத்திவிட்டுட்டேன்," என்றான் பாண்டீஸ்வரன். சிரித்துக்கொண்டே ஒரு தடவை தேவயானியைப் பார்த்தான். "ஓடாத மாட்ட வச்சுக்கிட்டு என்ன செய்ய? இவளுந்தான் ரெண்டு வருசமா வெறுவயிறா நிக்கிறா."

அவருக்கு எல்லாம் புரிந்தது. பழக்க தோஷத்தில் கை தானாக எழுந்தது. செவலைக் கன்று அந்தக் கையை நக்கியது. மூக்கம்மாள் வாளியோடு சுவரோரமாக நின்றிருந்தாள். தேவயானி உள்ளே போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்து, மாமியாருக்குப் பக்கத்தில், அதே சுவரில், அதேமாதிரிக் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றாள்.

"மாடு நல்லாத்தான் இருக்கு, பாத்துட்டீகள்ல. பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்புங்கப்பா," என்றாள்.

அவர் கிளம்பினார். வீட்டுக்கு வந்த பிறகு கஸ்தூரியம்மாள் அவருக்குச் சோறு போட்டாள். வைத்த கையோடு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சொன்னபடி அடுத்த வாரம் அம்மாவாசியோடு கெங்குவார்பட்டிக்குப் போனார். வழியில் அம்மாவாசி, மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். ராணி மாதிரி இருக்கிறாள் என்றார் கோட்டைச்சாமி. அம்மாவாசி அதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டு, மாரீஸ்வரிக்கும் அப்படி ஒரு இடம் அமைந்தால் போதும், தாயில்லாத பிள்ளை, தன் கை அவள்மேல் ஒரு தடவைகூடப் பட்டதில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மாப்பிள்ளை வீட்டுத் தொழுவத்தில் சோடிக் காளைகள் பளபளவென்று நின்றன. வந்தவர்களுக்குத் தண்ணீர்ச் செம்போடு மாப்பிள்ளையின் தாய் வந்தாள். அதே நேரம் தெருப்பக்கமிருந்து மாப்பிள்ளையும் உள்ளே நுழைந்தான். அவள் செம்பைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கினாள். கழுத்து உள்ளே போயிற்று.

கோட்டைச்சாமி அவளைப் பார்த்தார். இந்தத் தடவை நன்றாகவே பார்த்தார். அவர் பார்ப்பதை அவளும் பார்த்தாள். அவள் கண் அவரிடம் எதையோ கேட்டது. பின்னால் அம்மாவாசி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கோட்டைச்சாமி மெல்ல மாட்டுப் பக்கம் திரும்பினார். கையை ஓங்கினார். காளை காதைக்கூட ஆட்டாமல் வைக்கோலை மென்றது.

"தங்கமான பையன்யா. கண்ண மூடிக்கிட்டுக் குடுக்கலாம்," என்றார்.

அம்மாவாசி அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். கோட்டைச்சாமி ஒரு வாய் குடித்துப் பார்த்து, சர்க்கரை போதவில்லை என்று சொன்னார்.