நிறுத்திய மாத்திரை

…விக்கிரவாண்டி தாண்டினால் அழுகை வந்துவிடும் என்று நினைத்தாள், தாண்டியும் வரவில்லை, பஸ் ஓடிக்கொண்டிருந்தது, வெளியே கரும்பு, மல்லாட்டைக் கொல்லை, மறுபடி கரும்பு. அக்கா வெள்ளையம்மாள் செத்துப்போய்விட்டாள், விழுப்புரத்தில் கிடத்தியிருக்கிறார்கள், காந்திமதி இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள், யாரோ ஒருத்தியின் அக்கா செத்த மாதிரி இருந்தது. பக்கத்தில் ஓரகத்தி வீரம்மாள், மடியில் மாலைப் பொட்டலம். திண்டிவனத்தில் ஏறும்போதே சொல்லிவிட்டாள், "எங்கொழுந்தன் செத்தப்பவே கல்லு மாதிரி ஒக்காந்துக்கினு இருந்தவ நீ. கூடப் பொறந்தவளுக்காவது கண்ணுல தண்ணி வருதா பாக்குறேன்." மாத்திரையால்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது… மார்வலிக்கென்று டாக்டர் அரங்கநாதன் கொடுத்தது. பயமோ துக்கமோ வந்தால் ரத்தத்தில் ஒரு ஹார்மோன் ஓடி வருமாம், இதயத்தில் அதற்கென்று சின்னச் சின்ன இடங்கள் இருக்குமாம், அதில் போய் உட்கார்ந்தால்தான் இதயம் அடித்துக்கொள்ளுமாம். "பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு எடம் புடிக்கறாங்க இல்ல, அதத்தாம்மா இந்த மாத்திரை பண்ணுது." வந்த ஹார்மோன் நின்றுகொண்டே போகும் என்று சிரித்தார். அழுகையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவளாகத்தான் முடிவு செய்துகொண்டாள், அதனால்தான் புருஷனுக்கு அழவில்லை, துக்கம் நின்றுகொண்டே போய்விட்டது…

அக்காவுக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிய செய்தி வந்த அன்றே மாத்திரையை நிறுத்தினாள். இந்தத் தடவை அழவேண்டும். திடீரென்று நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், அத்தனை நாள் அடைத்து வைத்ததில் அந்த இடங்களே கூடிப்போயிருக்கும், ஒரேயடியாக வந்து உட்காரும், இதயம் தாங்காது என்று. தெரிந்துதான் நிறுத்தினாள். அன்றைக்கு அக்கா கேப்பைக்கூழ் குடித்தாளாம், தலைவாரிவிடச் சொன்னாளாம். உயிரோடு இருந்தவளுக்கு அழத் தயாராகிக்கொண்டிருந்தது… அது என்ன கணக்கு. முண்டியம்பாக்கம் வந்தது, ஆலையின் சர்க்கரைப்பாகு நாற்றம் வந்தது, அப்போதுதான் நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது, வேகமாக, காதில் கேட்கும்படி. வரட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

விழுப்புரத்தில் இறங்கி, அக்கா வீட்டுத் தெருமுனையில் பறைச்சத்தம் கேட்டதும் வீரம்மாள் முடியை அவிழ்த்துவிட்டு ஓடினாள், காந்திமதியும் ஓடினாள், நாலடி ஓடவில்லை, மாரைப் பிடித்துக்கொண்டு யாரோ அழுத்துவது போல, இடது தோளிலிருந்து முழங்கைவரை… வந்துவிட்டது, கண்ணீர், சத்தம், எல்லாம். பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு வளையமாக உட்கார்ந்தார்கள், தோளில் தோள் முட்டியது, மூச்சு வாங்க இடமில்லை. வீரம்மாள் அவள் முதுகைத் தடவினாள், முதல் தடவையாக. "அழுவு காந்தி, அழுதுடு. இதுக்குத்தான நான் பேசுனது." வாயில் அக்கா, அக்கா என்று வந்தது. செத்துவிடுவேன், செத்துவிடுவேன் என்று உள்ளே ஓடியது. இத்தனை அழுகையில் அக்காவை ஒரு தடவையும் நினைக்கவில்லை என்று தெரிந்தது. இடுப்புச் சுருக்குப்பையில் மாத்திரை இருந்தது, விழுங்கத் தண்ணீர் வேண்டும், பிணம் எடுக்கும்வரை கூடப்பிறந்தவள் எப்படித் தண்ணீர் கேட்பது… வாயைத் திறந்தாள். கேட்கத்தான் திறந்தாள். எல்லோரும் அவளோடு சேர்ந்து இன்னும் உரக்க அழுதார்கள்.