குழாய்க்குக் கீழே பன்னிரண்டு ஓவியங்கள்

ஓவிய அருங்காட்சியகத்தில் படங்களுக்குச் சட்டம் போடுகிற தச்சன் நான். "நாட்டுல மூலைமட்டம் வச்சுப் பார்த்துச் சட்டம் போடுறது நீங்க ஒருத்தர்தான்" என்று என் மனைவி கேலி செய்வாள். அவள் அந்தக் கேலியை நிறுத்திய வருடத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

என் பட்டறை அடித்தளத்தில் இருக்கிறது. அடுத்த கதவு கிடங்கு. மாடியில் ஜனங்கள் பார்ப்பது நூறு படம் என்றால் கிடங்கில் உறங்குவது இரண்டாயிரம். அதற்குப் பொறுப்பாக இருந்தவரை எல்லோரும் கிடங்கக்கா என்போம். கிடங்கின் மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. உள்ளே மெல்லச் சுழலும் உருளை, அதில் சுற்றிய தாள், தாளின்மேல் ஒரு பேனா முள். காற்றில் எவ்வளவு ஈரம் என்பதை அந்த முள் கோடாக இழுத்துக்கொண்டே போகும். அக்கா திங்கட்கிழமைதோறும் தாளை மாற்றி, தேதி போட்டு, கோப்பில் வைப்பார்.

வெயில்காலத்தில் கோடு இறங்கும். மரம் சுருங்கி என் சட்டங்களின் மூலைகள் வாய் பிளக்கும். மழைக்காலத்தில் கோடு ஏறும். பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அக்கா ஒவ்வொரு படத்தையும் டார்ச் வைத்துச் சாய்வாகப் பார்ப்பார், குழந்தையின் தொண்டையைப் பார்க்கும் டாக்டரைப் போல. குளிர்காலத்தில் கூட்டம் வரும்; கம்பளி ஆடைகளிலிருந்து உதிரும் பஞ்சை மென்தூரிகையால் தட்டி எடுப்பதே எங்கள் பிழைப்பாகிவிடும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் இயக்குநருக்குக் காபிக் கடை ஆசை வந்தது. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ரிப்பன். புதுக் கழிப்பறைக்கே ரிப்பன் கட்டி வெட்டியவர் அவர். காபிக் கடையைச் சரியாகக் கிடங்குக்கு மேலே கட்டினார். பாத்திரம் கழுவும் தண்ணீர் வெளியேற வேண்டுமே? கிடங்கின் கூரையை ஒட்டியே ஒரு கழிவுநீர்க் குழாயை இழுத்துவிட்டார்கள். அதற்கு நேர் கீழே, மர அடுக்கில், பன்னிரண்டு ஓவியங்கள் இருந்தன. பேருந்து நிலையத்தில் காத்திருக்கும் மனிதர்களைத் தாளில் நீர்வண்ணத்தால் வரைந்தவை. அரைத்தூக்கத்தில் ஒரு தாய், செருப்பைக் கழற்றி வைத்திருக்கும் ஒரு கிழவர், மூட்டைமேல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். வரைந்தவர் இறந்தபிறகு அவருடைய மகள் அருங்காட்சியகத்துக்குத் தானமாகக் கொடுத்தவை.

அக்கா இயக்குநருக்குக் கடிதம் எழுதினார். பதில் இல்லை. இன்னொன்று. மொத்தம் ஐந்து. ஐந்தாவதை நேரிலேயே கொடுத்தார். குழாய் மூட்டில் ஈரம் கசிவதைக் காட்ட அவர் கூப்பிட்டிருந்ததால் நானும் கூட இருந்தேன்.

"சார், குழாயை மாத்துங்க. இல்லன்னா, கிடங்குல ஒரு அடுக்குகூடக் காலி இல்ல, படங்களை வைக்க மேல ஒரு அறை குடுங்க. உங்க கூட்ட அறை வாரத்துல ஆறு நாள் சும்மாதானே கிடக்கு?"

"குழாய் எந்தப் பக்கம் போகணும்னு பிளம்பருக்குத் தெரியும்மா. நீங்க படத்தைப் பாருங்க" என்றார் ரிப்பன்.

"படத்தைப் பாக்கிறதாலதான் சார் குழாய் கண்ணுல படுது."

அவர் கடிதத்தை வாங்கி, காபிக் கோப்பையின் அடியில் வைத்தார்.

மழைக்காலம் பிறந்தது. மூன்று நாள் விடாமல் அடித்தது. நான்காம் நாள் காலை பத்து மணிக்கு வடிகால் அடைத்துக்கொண்டு, குழாய் மூட்டு பிய்த்துக்கொண்டது. காபிச் சக்கையும் எண்ணெயும் கலந்த தண்ணீர் கூரையிலிருந்து கொட்டியது. அக்கா போட்ட சத்தத்தில் நானும் துப்புரவுப் பணியாளர் ஒருவரும் ஓடினோம். மூன்று பேரும் முழங்கால் தண்ணீரில் நின்று நனைந்த நாற்பத்தொரு படங்களை வெளியே கடத்தினோம். மேலே காபிக் கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த பத்து நாள் அக்கா வீட்டுக்குப் போனது தூங்க மட்டும்தான். தாள்களுக்கு இடையே ஈரம் உறிஞ்சும் ஒற்றுத்தாள் வைத்து, மாற்றி, மறுபடி வைத்து, மின்விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பி, நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டைக் காப்பாற்றினார். பேருந்து நிலையப் படங்களில் மூன்று மட்டும் மீளவில்லை. செருப்பைக் கழற்றி வைத்திருந்த கிழவர் ஒரு பழுப்புக் கறையாகிப் போனார். அதைப் பார்த்து அக்கா அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

விசாரணை வந்தது. இயக்குநர் அறைக்கு என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்கள். 'கசிவு குறித்துக் கிடங்குப் பொறுப்பாளர் முன்கூட்டித் தெரிவிக்கவில்லை' என்று அச்சடித்திருந்தது. ஐந்து கடிதங்களும் கோப்பில் இல்லையாம்.

"சும்மா சம்பிரதாயத்துக்குத்தான். உன் வேலை நிரந்தரமாகுற நேரம் வேற. கையெழுத்துப் போட்டுட்டுப் போ" என்றார் ரிப்பன், தோளில் கை போட்டுக்கொண்டு.

போட்டேன். பதினோரு வருடமாகத் தற்காலிக ஊழியன். போட்டுவிட்டேன்.

வீட்டில் சொன்னதும் மனைவி தட்டை நகர்த்தி வைத்தாள். "அந்தக்கா நம்ம பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தப்போ ஆஸ்பத்திரியில வந்து உக்காந்திருந்தாங்க. நீங்க கூடவே நின்னு பார்த்த கடுதாசியை இல்லன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க" என்றாள். அதன்பிறகு சட்டத்தைப் பற்றிக் கேலிப் பேச்சே இல்லை.

அக்காவைக் கிடங்கிலிருந்து தூக்கி நுழைவுச்சீட்டு கொடுக்கும் இடத்தில் உட்கார வைத்தார்கள். இருபத்திரண்டு வருட அனுபவத்துக்கு ஒரு சன்னலும் ஒரு சுழல் நாற்காலியும்! என் கையெழுத்து விவரம் அவருக்குத் தெரியும். ஆனாலும் பார்த்தால், "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்பார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

குளிர்காலத்தில் ஒருநாள், சீட்டுச் சன்னலின் பலகை ஆடுகிறதென்று திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தேன். வெள்ளைப் புடவை கட்டிய ஒரு பெண்மணி வந்தார். அறுபது வயதிருக்கும்.

"மூணாவது கூடத்துல அப்பாவோட படங்களைக் காணோமே. வருஷாவருஷம் இந்த மாசம் வெளியே எடுத்து மாட்டுவாங்க. 'பராமரிப்பில் உள்ளது'ன்னு ஒரு அட்டை தொங்குது."

அக்கா எழுந்து நின்றார். "பராமரிப்பு எதுவும் இல்லம்மா. சாக்கடைத் தண்ணியில நனைஞ்சு போச்சு. மூணு படம் போயே போச்சு. எங்களை மன்னிச்சிடுங்க."

அந்த அம்மா சன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். யார் போய்ச் சொன்னார்களோ, ரிப்பன் படியிறங்கி ஓடி வந்தார், சிரிப்பைத் தயாராக மாட்டிக்கொண்டு.

"அம்மா, பெரிய துயரம்தான். ஆனா இவங்களோட கவனக்குறைவு அது. நடவடிக்கையும் எடுத்துட்டோம். கூட வேலை பாத்தவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க."

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"எழுதிக் குடுத்தது நான்தாம்மா" என்றேன். "பொய் அது. அஞ்சு கடுதாசி குடுத்தாங்க. கடைசிக் கடுதாசி குடுக்கும்போது நான் பக்கத்துல நின்னேன். குழாய் இன்னும் அங்கேதான் இருக்கு. வாங்க, காட்டுறேன்."

"டேய், நீ யார்கிட்ட பேசிட்டு இருக்கேன்னு தெரியுதா?"

"தெரியுது சார். படத்துக்குச் சொந்தக்காரங்ககிட்ட."

அந்த அம்மாவைக் கீழே கூட்டிப்போனேன். கந்தல் சுற்றிய குழாய் மூட்டையும், சுவரில் வழிந்திருந்த பழுப்புக் கோட்டையும் பார்த்தார். பிறகு கறையாகிப்போன அப்பாவின் மூன்று தாள்களையும் பார்த்தார். "இதுக்கா பத்திரமா இருக்கும்னு குடுத்தேன்?" என்று மட்டும் கேட்டார்.

அவர் சும்மா விடவில்லை. அறங்காவலர் குழுவுக்கு எழுதினார், பத்திரிகைக்குப் பேசினார். ஒரே மாதத்தில் குழாய் இடம் மாறியது. இத்தனை மாதம் முடியாது என்ற வேலை, இரண்டு பிளம்பர்கள், ஒன்றரை நாள்! மீதி ஒன்பது படங்களை அவர் திரும்ப எடுத்துக்கொண்டார். நான்தான் பெட்டி செய்து அடைத்தேன். மூன்று பாழான தாள்களை விட்டுப் போனார், ஒரு நிபந்தனையோடு: காரணத்தைச் சொல்லி அவற்றைச் சுவரில் மாட்ட வேண்டும்.

ரிப்பனுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. இதைவிடப் பெரிய அருங்காட்சியகத்துக்கு ஆலோசகராகப் போனார். வழியனுப்பு விழாவில் மாலை வேறு. என்னை நிரந்தரமாக்கும் கோப்பு இன்னும் ஏதோ மேசையில் தூங்குகிறது. அக்காவைக் கிடங்குக்கே திரும்பக் கூப்பிட்டார்கள். "குற்றச்சாட்டை ரத்து பண்ணோம்னு எழுத்துல குடுங்க, வர்றேன்" என்றார். வாய்மொழியே போதாதா என்றார்கள். மூன்று நாள் அலுவலக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் சாவியைத் தொட்டார். அதே நாளில் அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "மறக்கிறதுக்குக் கொஞ்ச நாளாகும் தம்பி" என்றார். நியாயம்தானே.

அடுத்த வெயில்காலத்தில் அந்த மூன்று தாள்களுக்கும் சட்டம் போட்டு மாட்டினேன். நிர்வாகம் கீழே வைத்த அட்டையில், 'நீரால் சேதமடைந்தவை' என்று இருந்தது.

அக்கா அதைப் படித்துவிட்டுத் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. "நீராலயா? தண்ணியா தப்பு பண்ணுச்சு?"

பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்தச் சொல்லை அடித்து, மேலே தெளிவாக எழுதினார்: 'ஐந்து முறை எச்சரித்தும் மாற்றாத கழிவுநீர்க் குழாயால்.'

மறுநாள் புது அட்டை வைத்தார்கள். அக்கா மறுபடி அடித்து எழுதினார். அதையும் மாற்றினார்கள். இப்படி ஏழு அட்டை. எட்டாவதை யாரும் மாற்றவில்லை.