இல்லாத கல்

மற்ற கோல்கீப்பர்களுக்குக் கோல் போடுவது எனக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளுக்குள் நடக்கும் பெண்கள் ஹாக்கிப் போட்டியில் மூன்று வருஷமாக அதிகக் கோல் போட்டவள் இந்தக் கோவில்பட்டிக்காரிதான். கார்களுக்குப் பக்கக் கண்ணாடி செய்யும் எங்கள் கம்பெனியின் நோட்டீஸ் போர்டில் என் போட்டோகூட ஒட்டியிருக்கிறது. ஆனால் அமலா நின்ற கோலுக்குள் ஒன்று, ஒரே ஒன்றுகூடப் போட முடிந்ததில்லை. ஐந்து மேட்ச். பெனால்டி கார்னர் மட்டும் பதினான்கு. எண்ணிவைத்திருக்கிறேன், வேலையற்றவள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அமலா மணிமங்கலத்துப் பெண், பக்கத்துக் கம்பெனியில் காண்ட்ராக்ட். உயரமும் கிடையாது, பெரிய பலசாலியும் இல்லை. ஆனால் நான் அடிக்கும் பந்து வருவதற்கு முன்பே அங்கே போய் நின்றிருப்பாள். தடுத்துவிட்டு ஹெல்மெட்டுக்குள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டே லைனில் ஸ்க்ரூவை மாற்றிப் போட்டு, சூப்பர்வைசரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன வருஷமும் எங்கள் இரண்டு டீமும் ஃபைனலுக்கு வந்தன. ஞாயிற்றுக்கிழமை மேட்ச். அதற்கு முந்தின திங்கட்கிழமை காலை கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றபோது எங்கள் கேப்டன் ஜோதி வாயெல்லாம் பல்லாக வந்தாள்.

"மேட்டர் தெரியுமா? அமலாவுக்கு சனிக்கெழமையோட காண்ட்ராக்ட் முடிஞ்சிபோவுது. கார்டை வாங்கிக்குவாங்க. கார்டு இல்லாம எறங்க முடியாது. கப்பு நம்மளுதுதான்."

"அதுக்குப் பெறவு எங்க போவா?"

"ஓசூராம். அந்தக் கம்பெனில டீமே இல்லியாம்."

போட்டியை நடத்தும் எங்கள் ஹெச்.ஆர். புருஷோத்தமன் முன்னால் அன்றைக்கே போய் நின்றேன். ஃபைனலை வெள்ளிக்கிழமைக்கு மாற்றச் சொன்னேன். ஊரில் கோயில் கொடை, ஞாயிறு இருக்க முடியாது என்று கூசாமல் ஒரு பொய்.

"இன்னாம்மா முத்துச்செல்வி, வெள்ளிக்கெழமை உங்க டீம்ல நாலு பேருக்கு செகண்ட் ஷிப்டு கீதே?"

"நான் மாத்திவிடுதேன் சார்."

ஷிப்டு மாற்ற வேறு நாலு பேர் காலில் விழாத குறை. பதிலுக்கு என் நாலு ஞாயிற்றுக்கிழமைகளை அவர்களுக்கு எழுதிக்கொடுத்தேன். ஜோதிக்கு விஷயம் தெரிந்ததும் கேண்டீன் என்றுகூடப் பார்க்காமல் கத்தினாள்.

"லூசாடி நீ? தானா வர்ற கப்பை யாராவது தள்ளிவுடுவாங்களா?"

"கப்பு வேணும்னா கடையில வாங்கித் தாரேன். எனக்கு அவளுக்கு ஒரு கோல் போடணும். அவ போறதுக்குள்ள போடணும்."

வெள்ளிக்கிழமை வரை ஜோதி என்னோடு பேசவில்லை.

மேட்சில் அவர்கள் ஒரு கோல் முன்னால் இருந்தார்கள். கடைசி நிமிஷத்தில் எங்களுக்குப் பெனால்டி ஸ்ட்ரோக் கிடைத்தது. நடுவில் யாரும் கிடையாது, நானும் அவளும் மட்டும். வலது மூலை என்று முடிவு செய்தேன். வழக்கம்போலத் தரையைக் காலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு நின்றேன். விசில் ஊதியதும் அடித்தேன். அமலாவின் கால் அங்கே இருந்தது.

தோற்றோம். டீமில் ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பஸ்கள் நின்ற இடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அமலா காலில் கட்டியிருந்ததையெல்லாம் கழற்றிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"எனுக்காவ மேட்சையே மாத்திட்டியாமே. ஜோதி திட்டிகினு போறா."

"ஒரு கோல் போட்டுரலாம்னு பாத்தேன்."

ஹெல்மெட் இல்லாமல் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்லட்டா? அடிக்கிறதுக்கு முன்ன தரையைக் காலால தள்ளுற பாரு, பந்து எந்தப் பக்கம் போவப்போவுதோ அந்தப் பக்கமாவே தள்ளுற. நான் உன் காலைத்தான் பாத்துகினு இருப்பேன். இன்னாத்துக்கு தள்ளுற? இந்தத் தரையில கல்லே கெடையாதே."

எங்கள் ஊரில் ஆடிப் பழகியது சரளைத் தரையில். பந்து போகும் வழியில் கல் கிடந்தால் பந்து எகிறி யார் முகத்திலாவது அடிக்கும். அதனால் காலால் ஒதுக்கிவிட்டுத்தான் அடிப்போம். செயற்கைப் புல்லுக்கு வந்து வருஷக்கணக்காகியும் என் கால் கல்லை ஒதுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்கே தெரியாது. இவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"இத்தன நாளு சொல்லலியே."

"சொன்னா மாத்திக்குவ. இனிமே இன்னா, நான்தான் நிக்கப்போறதில்லியே."

கோல் போட முடியாததற்குக்கூட நான் அழவில்லை. இதற்கு அழுகை வந்தது. சொல்லாமலே போயிருக்கலாம் அவள். அவளுடைய பஸ் ஹாரன் அடித்தது. "வர்றேன் முத்து" என்று என் தோளைத் தட்டிவிட்டு ஓடினாள்.

இந்த வருஷப் போட்டி போன மாதம் முடிந்தது. கப்பு எங்களுக்குத்தான், ஜோதிக்கு என்மேல் இருந்த கோபமும் தீர்ந்தது. ஃபைனலில் மட்டும் நான் நாலு கோல். ஒவ்வொன்றுக்கும் முன்னால் தரையைக் காலால் தள்ளினேன். இந்தத் தடவை தெரிந்தேதான் தள்ளினேன், பந்து போகும் பக்கமாகவே, நன்றாகத் தெரியும்படி. அந்தக் கோல்கீப்பர் என் காலை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.